இன்னிக்கு எத்தன விட்டுச்சி?

மூன்று வருடம், தினமும் சாயங்காலம், என் மனைவியிடம் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறேன். வீட்டுக்கு வந்து முகம் கழுவி, டீ டம்ளரோடு அவள் கட்டிலில் உட்கார்ந்ததும் கேட்பேன். "இன்னிக்கு எத்தன விட்டுச்சி?"

"ஏழு," என்பாள். இன்னொரு நாள், "அஞ்சு." சில நாள் சிரித்துக்கொண்டே, "இன்னிக்கு அதுக்குக் கண்ணே தெரியல போலருக்கு, பதினொன்னு," என்பாள்.

அது என்று நாங்கள் சொன்னது ஒரு பெட்டியை. இரண்டு கேமரா, ஒரு வெள்ளை விளக்கு, உள்ளே ஒரு சின்னக் கம்ப்யூட்டர். நாங்கள் இருவரும் வேலை பார்த்த ஒசூர் கம்பெனியில் அலுமினியத்தில் பிரேக் சாமான்களை வார்ப்பார்கள். வார்த்து வந்ததில் ஊசி ஓட்டை, கீறல் இருக்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பதுதான் என் மனைவியும் அவளோடு இருந்த பெண்களும் செய்த வேலை. அவர்களுக்கு முன்னால் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். நல்லது என்று பெட்டி அனுப்பியதை இவர்கள் மறுபடி ஒருமுறை பார்ப்பார்கள். அது கவனிக்காமல் விட்ட பழுது எத்தனை என்பதுதான் என் கேள்வி.

"பக்கத்து வீட்டுக்காரருக்கு அவரு வீட்டம்மா எந்தக் கம்பெனிக்குப் போறாங்கன்னே தெரியாது. நீங்கதான் தெனம் கேக்கறீங்க," என்று ஒருமுறை சொன்னாள். சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த சந்தோஷம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. நான் அவளைப் பற்றிக் கேட்கவில்லை. அந்தப் பெட்டியைச் செய்யும் கம்பெனியின் ஷேரை வாங்கி வைத்திருந்தேன். அதைப் பற்றித்தான் கேட்டேன்.

இன்றைக்கு டீக்கடையில் என்னைப் பார்த்தால் நான்கு பேர் எழுந்து இடம் விடுகிறார்கள். "அண்ணா, அடுத்து எது ஏறும்?" என்று கேட்கிறார்கள். "ஒங்களுக்கு நல்ல லக்குங்கண்ணா," என்கிறான் ஒருவன். எனக்குச் சுள்ளென்று கோபம் வருகிறது. லக்காம் லக்கு. எப்படிக் கண்டுபிடித்தேன் என்று சொன்னால் அந்த நான்கு பேரும் டீயை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள்.

ஆரம்பத்தில் நானும் இந்த ஊர்க்காரர்கள் செய்யும் தப்பைத்தான் செய்தேன். ஒசூரில் ஷேர் வாங்குகிற எங்களைப் போன்ற ஃபேக்டரி ஆட்கள் கம்பெனி பஸ்ஸைத்தான் எண்ணுவோம். காலை ஷிஃப்ட்டுக்கு முன்னால் ராயக்கோட்டை ரோட்டில் நின்றால் வரிசையாக வரும். போன மாதம் நான்கு பஸ் விட்ட கம்பெனி இந்த மாதம் ஆறு விட்டால், ஆர்டர் குவிகிறது, வாங்கிப் போடு. பேலன்ஸ் ஷீட் யாருக்குப் படிக்கத் தெரியும்? பஸ் கண்ணுக்குத் தெரியும். அப்படி எண்ணி நான் வாங்கிய ஒரு கம்பெனி, பஸ்களோடு சேர்த்து ஒரே வருடத்தில் காணாமல் போனது. ஆட்களை ஏற்றியதே தவிர, அவர்களை வைத்து லாபம் பார்க்கத் தெரியவில்லை. உத்தனப்பள்ளியில் என் பங்குக்கு வந்த நிலம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குப் போய்க் கிடைத்த பணத்தில் ஒரு பகுதி அதில் கரைந்தது. மீதியை வைத்துக்கொண்டு ஒரு வருடம் எதையும் தொடாமல் இருந்தேன்.

"ஷேர்ல போடறது ஒங்க இஷ்டம். ஏமாறாம இருந்தா சரி," என்று மட்டும் மனைவி சொன்னாள். எதை வாங்குகிறேன் என்று அவள் கேட்டதே இல்லை.

பெட்டி வந்தபோது அதை மாட்ட ஸ்டாண்டு அடித்துக் கொடுத்தவன் நான். மெயின்டனன்ஸ் பிரிவில் இருந்ததால் பெட்டிக்கான ஃபாரத்தில் என் போன் நம்பரை எழுதினார்கள். மாநில எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரே ஒரு இன்ஜினியர் வந்தான். மத்தியானத்துக்குள் மாட்டிவிட்டுப் போய்விட்டான். பிறகு அவன் வரவேயில்லை. பெண்கள்தான் அதற்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு சாமானாக வைத்து, இது நல்லது, இது ரிஜக்ட் என்று பட்டனை அழுத்த வேண்டும். யார் சொல்வதை நம்பலாம் என்று சூப்பர்வைசர் பார்த்து, என் மனைவியை முதல் ஆளாக உட்காரவைத்தார். கண்ணுக்குத் தெரியாத கீறலையும் அவள் கட்டைவிரலால் தடவிக் கண்டுபிடித்துவிடுவாள். ஊத்தங்கரையிலிருந்து பதினெட்டு வயதில் கான்ட்ராக்ட்டில் வந்து, அந்த விரலால் பர்மனென்ட் ஆனவள்.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மெஷின்களையெல்லாம் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்தோம். பெண்கள் தங்கள் மேஜைக்கு வைத்தார்கள், ஸ்டூலுக்கு வைத்தார்கள், எடைக்கல்லுக்கு வைத்தார்கள். என் மனைவி அந்தப் பெட்டிக்கும் வைத்தாள். கேமராவுக்கு முன்னால் இருந்த கண்ணாடியின் நட்டநடுவில், சந்தனத்தை வைத்து அதன்மேல் குங்குமம். "நம்மளோட வேல செய்யுது, பாவம், அத மட்டும் விட்டுட முடியுமா?" என்றாள். எல்லோரும் சிரித்தோம். பொரி கடலை பொட்டலத்தோடு வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் பூஜை லீவு. இலையில் உட்கார்ந்து வடையைப் பிய்க்கிறேன், போன் அடித்தது. அந்த இன்ஜினியர். கன்னடத்தில், "லென்ஸ் மேலே யாரோ ஏனோ ஹச்சித்தாரெ," என்றான். லென்ஸ்மேல் யாரோ எதையோ தடவியிருக்கிறார்கள். அவன் குரலில் கோபம்கூட இல்லை.

"லீவுல்லப்பா, கம்பெனியே பூட்டிக் கெடக்கு. உனக்கு எப்பிடித் தெரியும்?" என்று பாதி தமிழிலும் பாதி கன்னடத்திலுமாகக் கேட்டேன்.

இங்கிருந்து எல்லாப் பெட்டியும் தெரியும் என்றான். யாரும் கரண்டை அணைக்கவில்லை, அதனால் அது பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது, சிவப்பாக ஒன்று மறைக்கிறது என்றான்.

சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டு பைக்கில் போனேன். செக்யூரிட்டி திறந்துவிட்டார். அவ்வளவு பெரிய ஷெட்டில் ஒரு சத்தமும் இல்லை. வாழைக்கன்றுகள் வாடித் தொங்கின. இன்ஸ்பெக்‌ஷன் ஹாலில் அந்தப் பெட்டியின் வெள்ளை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. காலியான மேஜையை அது பார்த்துக்கொண்டிருந்தது. துணியை நனைத்து அந்தப் பொட்டைத் துடைத்தேன். துடைத்து முடிப்பதற்குள் போன் வந்தது. "சரி ஆய்த்து," என்றான்.

"இந்த மாதிரி எத்தன கம்பெனியில வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். அந்த ரோட்டில் இருந்த கம்பெனிகளில் பாதியைப் பெயர் சொல்லி அடுக்கினான். எங்கேயும் அவர்களுடைய பஸ் இல்லை, போர்டு இல்லை, ஆள் இல்லை. நான் அங்கேயே நின்றேன். முதலில் வந்தது பயம். அது போவதற்குள் ஆசை வந்துவிட்டது. பஸ்ஸே இல்லாத இந்தக் கம்பெனிதான் இந்த ரோட்டையே வாங்கப் போகிறது என்று எனக்குத் தோன்றியது. பூஜை லீவு முடிந்து மார்க்கெட் திறந்த முதல் நாள் முதல் தடவையாக வாங்கினேன்.

அதற்குப் பிறகுதான் என் சாயங்காலக் கேள்வி தொடங்கியது. நான் மெயின்டனன்ஸ் பார்த்தது வார்க்கும் பக்கம். இன்ஸ்பெக்‌ஷன் ஹாலுக்குள் காரணமில்லாமல் போக முடியாது. ரிப்போர்ட்டில் எழுதுவதை நம்பவும் முடியாது. உண்மையான எண்ணிக்கை அந்தப் பெண்களுக்குத்தான் தெரியும். அதிலும் என் மனைவிக்குத்தான் சரியாகத் தெரியும். ஷேர் மார்க்கெட்டில் கோட்டு போட்டுக்கொண்டு பேசுகிறவன் எவனுக்கும் கிடைக்காத தகவல் எனக்கு டீயோடு கிடைத்தது.

அடுத்த வருடம் ஒருநாள் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மேனேஜர் செலவைக் குறைக்கிறேன் என்று வேறொரு கம்பெனியின் பெட்டியைப் பாதி விலைக்குக் கொண்டுவந்திருந்தாராம். "அதுக்கு ஒன்னுமே தெரியலீங்க. தூசிய ஓட்டைன்னுது, ஓட்டைய விட்டுடுது. ஒரு வாரத்துல லைனே நின்னு போச்சி. நாங்க சொல்லிக் குடுத்ததெல்லாம் பழைய பெட்டிக்காரன்கிட்ட இருக்குதாம். கேட்டா, அது எங்களுதுன்னு சொல்லிட்டானாம். மேனேஜரு மொகத்தப் பாக்கணுமே!"

"அப்பறம்?"

"அப்பறம் என்னா? அவங்களையே கூப்பிட்டு, கேட்ட வெலயக் குடுத்து வச்சிக்கிட்டாங்க."

இதற்குமேல் ஒரு ஆளுக்கு என்ன அத்தாட்சி வேண்டும்? வேண்டாம் என்று நினைத்தாலும் வெளியே அனுப்ப முடியாதவன்தான் ஜெயிப்பான். மறுநாளே வாங்கினேன். அவள் சொல்லிக் கொடுத்ததுதான் அவர்கள் கையில் இருந்தது என்பது அன்றைக்கே எனக்குப் புரிந்தது. புரிந்துகொண்டேதான் வாங்கினேன்.

அப்புறம் போச்சம்பள்ளி விஷயம் வந்தது. அங்கே ஒரு பெரிய கம்பெனி, அனுபவமுள்ள இன்ஸ்பெக்‌ஷன் பெண்களை லைன் லீடர் வேலைக்கு எடுத்தார்கள். பர்மனென்ட். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்க வேண்டும். இவளோடு ஊத்தங்கரையிலிருந்து வந்த தோழி உடனே கிளம்பிவிட்டாள். இவளுக்கு அப்போது முப்பத்துநான்கு. ஃபாரத்தை எழுதி, போட்டோ ஒட்டி, எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள்.

"போகட்டுங்களா? காலையில கம்பெனி பஸ் இங்கயே வருது. கண்ணு இன்னும் எத்தன வருஷத்துக்கு வருமோ தெரியல. லீடர்னா பாக்கற வேல கம்மி. நீங்க என்னா சொல்றீங்க?"

அந்த வாரம் அந்தப் பெட்டிக்கு ஒரே ஒரு பழுது மட்டும்தான் பிடிபடாமல் இருந்தது. இரண்டு பக்கத்திலிருந்து வரும் அலுமினியம் சேருமிடத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு கோடு விழும். வெளிச்சத்தில் தெரியாது. இவளுடைய விரலுக்கு மட்டும் தெரியும். அதையும் பெட்டி கற்றுக்கொண்டுவிட்டால், வார்ப்புக் கம்பெனிகள் ஒன்றுவிடாமல் அதை வாங்கியே தீரும். கற்றுக்கொண்டதா இல்லையா என்று எனக்கு யார் சொல்வது? இவள் போச்சம்பள்ளிக்குப் போய்விட்டால் யாரைக் கேட்பேன்?

"இங்க ஒன்ன விட்டா வேற ஆளு யாரு இருக்கா? அங்க போயி புதுசா மொதல்லருந்து ஆரம்பிக்கணுமா? இங்கயே இரு," என்றேன்.

ஃபாரத்தை ஒருமுறை பார்த்தாள். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று அதை மடித்து பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்தாள். அந்த வாரமும் நான் வாங்கினேன். மனுஷனா நான்?

நாலைந்து மாதம் கழித்து ஒரு சாயங்காலம், கேட்பதற்கு முன்னால் அவளே சொன்னாள். "இன்னிக்கு ஒன்னும் விடலீங்க. நான் விட்டத அது புடிச்சிது." சொல்லிவிட்டுத் தன் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அந்தக் கோடுதான். அது ரிஜக்ட்டுல தள்ளனத எடுத்துத் தடவனேன், எனக்குத் தட்டுப்படல. அறுத்துப் பாத்தா கோடு இருக்குது, அதுதான் கரெக்ட்டு." சிரிக்கத்தான் பார்த்தாள்.

நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து மொட்டைமாடிக்குப் போனேன். கையிலிருந்த மிச்சப் பணம் முழுவதையும் மறுநாள் காலையில் போட ஆர்டரைத் தட்டினேன். பின்னாலேயே அவள் வந்துவிட்டாள். போனைப் பாக்கெட்டில் போட்டேன். நான் அவளுக்காக மனம் உடைந்து வந்து நிற்கிறேன் என்று நினைத்து என் தோளைத் தொட்டாள். "இதுக்குப் போயி வருத்தப்படறீங்களே. எனக்கு ஒன்னும் ஆகாது, வாங்க," என்றாள்.

அந்த வருடம் முடிவதற்குள் ஒரு சனிக்கிழமை, ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் ஹெச்.ஆர். அந்தப் பெண்கள் எல்லோரையும் கேன்டீனில் உட்காரவைத்தார். ஆளுக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸும் ஒரு கவரும் கொடுத்தார்கள். திங்கட்கிழமை அந்த மேஜைகளையும் ஸ்டூல்களையும் கழற்றி வெளியே எடுக்கச் சொல்லி எங்கள் பிரிவுக்குத்தான் வேலை வந்தது. ஸ்டூல்களின் காலில் பழைய சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. பெட்டியின் வெள்ளை விளக்கு எங்களுக்கு நடுவே எரிந்துகொண்டே இருந்தது.

பீரோவில் இருந்த ஃபாரத்தை எடுத்துக்கொண்டு அவள் போச்சம்பள்ளிக்குப் போனாள். கேட்டிலேயே வயது கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தோழி வெளியே வந்து பேசியிருக்கிறாள். அவள் லீடராகத்தான் இருக்கிறாள், பயமில்லாமல் இருக்கிறாள். "அப்பவே வந்திருக்கலாமேடி," என்றாளாம். பஸ்ஸை விட்டு இறங்கி வந்து இதைச் சொல்லிவிட்டு, வெங்காயம் நறுக்க உட்கார்ந்தாள். வெங்காயத்தின்மேல் பழியைப் போட்டு அழுதாள்.

என்னால் பார்க்க முடியவில்லை. ஆறுதல் என்று நினைத்துத்தான் போனை நீட்டினேன். "இனிமே நீ வேலைக்கே போக வேண்டாம். இதப் பாரு. நம்ம நெலத்துக் காசு எவ்ளோ ஆயிருக்கு பாரு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். நிஜமாகவே சந்தோஷப்பட்டாள். அதுதான் என்னால் தாங்க முடியாதது. "இவ்ளோவா? அடேங்கப்பா! எந்தக் கம்பெனிங்க?" என்று கேட்டுக்கொண்டே பெயரைப் படித்தாள். பெட்டியின் பக்கவாட்டில் தினமும் பார்த்த பெயர். அவள் முகம் அப்படியே நின்றுவிட்டது. பிறகு என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள். வாங்கிய தேதிகளின் பட்டியலைத் திறந்து, சாமானைத் தடவுகிற மாதிரி, கட்டைவிரலால் மெதுவாக மேலே தள்ளிக்கொண்டே போனாள்.

"இது பூஜ லீவு முடிஞ்ச மொத நாளு," என்றாள்.

போனைத் திரும்ப வாங்க நான் கையை நீட்டினேன்.

"இது மேனேஜரு வேற பெட்டி கொண்டாந்தாருன்னு நான் சிரிச்சனே, அதுக்கு மறுநாளு." இன்னும் தள்ளினாள். அந்த இடத்தில் விரல் நின்றது. "இது நான் ஃபாரம் எழுதன வாரம்."

"அது இல்ல, நான் என்னா நெனச்சன்னா..."

"இருங்க." கடைசித் தேதியைப் பார்த்தாள். "இது மாடியில. நான் வந்து ஒங்க தோளத் தொட்டனே, அதுக்கு மறுநாளு." போனைக் கீழே வைத்தாள். "நீங்க கேட்டப்பல்லாம் என்னத்தான் கேக்கறீங்கன்னு நெனச்சிட்டிருந்தேன்."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் காலில் விழவும் தயாராக இருந்தேன். "எல்லாத்தையும் வித்துடறேன்," என்றேன்.

"எதுக்கு? நல்லா ஏறுது. வெச்சிக்கோங்க. என் பேருக்கு மாத்திடுங்க, அவ்ளோதான்," என்று வெங்காயத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். மாற்றிக் கொடுத்தேன். போன் இப்போது அவளிடம்தான் இருக்கிறது. காலையில் மார்க்கெட் திறக்கிற நேரத்தில் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்க்கிறாள். எனக்கு வேளாவேளைக்குச் சோறு போடுகிறாள். பேசவும் பேசுகிறாள்.

இந்த வருடம் ஆயுத பூஜை முடிந்ததும் அதே கம்பெனியிலிருந்து எங்கள் பிரிவுக்கு ஒன்று வந்தது. இது கண் இல்லாத பெட்டி. மோட்டார்களின்மேல் சின்னச் சின்ன வில்லைகளாக ஒட்டிவிட்டால், உள்ளே பேரிங் தேய்கிற சத்தத்தைக் கேட்டு, எது எப்போது நின்றுபோகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுமாம். இருபத்திரண்டு வருடமாக நான் காதை வைத்துக் கேட்டுச் சொல்லிவந்த வேலை அது. அதற்குச் சொல்லிக் கொடுக்க, எங்கள் பிரிவில் நல்ல காது யாருக்கு என்று பார்த்து என்னைத்தான் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு மோட்டாராகக் கேட்டு, இது நல்லது, இது போகப்போகிறது என்று நான் பட்டனை அழுத்துகிறேன். ஸ்டாண்டும் நானே அடித்தேன்.

முதல் நாள் வீட்டுக்கு வந்து இதை அவளிடம் சொன்னேன். வேண்டாம், அதில் உட்காராதே என்று சொல்வாள் என்று ஒரு நப்பாசை. "ம்," என்றாள்.

அன்றிலிருந்து தினமும் முகம் கழுவிவிட்டு வந்து கட்டிலில் உட்காருகிறேன். அவள் டீ டம்ளரை என் கையில் கொடுக்கிறாள். எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, போனை மடியில் வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்துக் கேட்கிறாள். நான் கேட்ட அதே குரலில், அத்தனை அன்பாக.

"இன்னிக்கு எத்தன விட்டுச்சி?"

பொய் சொல்லலாம். அவள் விரலுக்குத் தெரிந்துவிடும் என்று பயமாக இருக்கிறது. நேற்று, "ரெண்டு," என்றேன்.